மகள் நேச்சுரோபதி டாக்டராகணும்னு சொல்றாளா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

நம்ம மலேசியாவுல, பினாங்கு புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. மகள் ஃபார்ம் ஃபைவ் முடிக்கிற எஸ்பிஎம் பரிட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு காத்திருக்காளாம், நேச்சுரோபதி, அதாவது இயற்கை மருத்துவ டாக்டர்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாளாம். ஒரு ஏஜெண்டு வந்து அமெரிக்கப் பேர் வச்ச ஒரு கோர்ஸ காட்டி, பதினெட்டு மாசம், எல்லாமே ஆன்லைன், முடிச்சா பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாம், 15,000 வெள்ளின்னு சொல்லியிருக்காரு. மாமனார் இந்தியாவுக்கு அனுப்புங்கிறாரு. வீட்டுக்காரரு இதெல்லாம் ஒரு படிப்பான்னு கேக்குறாரு. இதுல யார் சொல்றது சரி சார், பாடம் இங்கிலீஷ்லயா தமிழ்லயா, இதான் கேள்வி.

நேரடியா சொல்லிடுறேன் தங்கச்சி, மாமனார் பாதி சரி, வீட்டுக்காரர் கேக்குறது நியாயமான கேள்வி, ஏஜெண்டு சொல்றது மட்டும் சுத்தமா வேலைக்காகாது. ஏன்னு சொல்ல கொஞ்சம் நீளமா எழுதணும், பொறுமையா படிங்க. நான் பினாங்குல செகண்டரி ஸ்கூல்ல கவுன்சலிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவன். என்கிட்ட படிச்ச பிள்ளைங்க சில பேரு இந்தியாவுல இதே படிப்ப படிச்சாங்க, என் அக்கா மகள் டொரொண்டோவுல படிச்சு அங்கயே தொழில் பண்றா, அதனால ரெண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

முதல்ல மகள்கிட்ட கேக்க வேண்டியது எந்த காலேஜுன்னு இல்ல, எந்த ஊர்ல உக்காந்து நோயாளி பாக்கப் போறேன்னு. இத கேக்காம கோர்ஸ் தேடுற எல்லாரும் கடைசியில மாட்டிக்கிறாங்க. எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கே நாடு மாறினா திரும்ப பரிட்சை, திரும்ப ரெஜிஸ்ட்ரேஷன்னு ஆயிரம் தொல்லை, ஆனாலும் உலகத்துல எங்க போனாலும் எம்பிபிஎஸ்னா என்னன்னு தெரியும். நேச்சுரோபதி அப்படி கிடையாது. ஒரு நாட்டுல அது டிகிரிக்கு மேல 4 வருஷ படிப்பு, இன்னொரு நாட்டுல ஃபார்ம் சிக்ஸ் முடிச்சதும் சேருற ஐந்தரை வருஷ படிப்பு, இன்னொரு நாட்டுல சாதாரண பேச்சலர் டிகிரி. ஜெர்மனியில பாருங்க, ஹைல்ப்ராக்டிக்கர்னு இயற்கை வைத்தியர் மாதிரி ஒரு தொழில், 1939ல போட்ட சட்டம் இன்னும் ஓடுது, 25 வயசு ஆகியிருக்கணும், சுகாதார ஆபீஸ் வைக்கிற எழுத்துப் பரிட்சையும் வாய்மொழிப் பரிட்சையும் பாஸ் பண்ணணும், அவ்வளவுதான், எந்த காலேஜுக்கும் போயே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அதனால ஒரு நாட்டுல கிடைக்கிற பட்டம் அடுத்த நாட்டுல செல்லும்னு கண்ண மூடிட்டு நம்பக் கூடாது.

சரி, மகள் இங்கதான் இருப்பான்னு வச்சுக்குவோம், பினாங்கோ கேஎல்லோ. அப்போ பாக்க வேண்டியது ஆக்ட் 775, 2016ல வந்த பாரம்பரிய, காம்ப்ளிமெண்டரி மருத்துவச் சட்டம். சுகாதார அமைச்சுல, அதான் கேகேஎம்ல, டி அண்ட் சிஎம்னு சொல்வாங்களே அந்தப் பிரிவு, அதுக்குன்னு ஒரு மஜ்லிஸ், அதாவது கவுன்சில் இருக்கு. அந்த சட்டத்துல ஏழு வகை மருத்துவத்த அங்கீகரிச்சிருக்காங்க: மலாய் பாரம்பரிய மருத்துவம், சீன மருத்துவம், இந்திய பாரம்பரிய மருத்துவம், இஸ்லாமிய மருத்துவம், ஹோமியோபதி, கைரோப்ராக்டிக், ஆஸ்டியோபதி. நல்லா பாத்தீங்கன்னா இந்த ஏழுல நேச்சுரோபதின்னு தனியா ஒரு பேர் கிடையாது. இத ஏஜெண்டு சொல்லியிருக்க மாட்டாரு. 2021 மார்ச்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிச்சு மூணு வருஷம் அவகாசம் கொடுத்தாங்க, அது 2024 பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு. இப்போ அந்த ஏழு துறையில பதியாம தொழில் பண்ணினா 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். படிச்சு முடிச்சு வந்ததும் நேரா போர்டு மாட்டிடவும் முடியாது, முதல்ல புரொவிஷனல், அப்புறம் குறைஞ்சது ஒரு வருஷம் ரெசிடென்சி, அதுக்கப்புறம் முழு ரெஜிஸ்ட்ரேஷன், அதுக்கும் மேல ப்ராக்டிஸ் பண்ற சர்டிபிகேட்டு தனி.

அப்போ நேச்சுரோபதி படிச்சவங்களுக்கு வழியே இல்லையான்னா, நம்ம பிள்ளைங்களுக்கு இருக்குற வாசல் அந்த மூணாவது, இந்திய பாரம்பரிய மருத்துவம். சித்தா, ஆயுர்வேதா படிச்சவங்க அது வழியாதான் உள்ள போறாங்க. இந்தியாவுல பிஎன்ஒய்எஸ், அதாவது அங்க கொடுக்குற நேச்சுரோபதி டிகிரி படிக்கணும்னு நினைக்கிற பிள்ள, காலேஜ் பேர், யூனிவர்சிட்டி பேர், சிலபஸ் எல்லாத்தையும் சேத்து மஜ்லிஸுக்கு ஒரு ஈமெயில் போட்டு, இத முடிச்சா எந்த துறையில, எந்த நிலையில பதிவு கிடைக்கும்னு எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம்தான் ஒரு காசு கட்டணும். போன்ல கேட்டு ஓகேன்னாங்க அப்படிங்கிற கதையெல்லாம் அஞ்சு வருஷம் கழிச்சு நிக்காது, அப்போ போன எடுத்த ஆளே மாறியிருப்பாரு.

இன்னொன்னு, கேகேஎம் இத ஏதோ ஒதுக்கி வச்சிருக்குன்னு நினைக்காதீங்க. நாட்டுலயே முதல் தடவையா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கினது உங்களுக்குப் பக்கத்துலதான், கெபாலா பத்தாஸ்ல, 2007ல. அக்குபங்சர், உருட்னு சொல்ற மலாய் மசாஜ் அதெல்லாம் அங்க இருக்கு. 2010ல மன்மோகன் சிங் கேஎல் வந்தப்போ ரெண்டு நாட்டுக்கும் பாரம்பரிய மருத்துவத்துக்குன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, இந்திய மருத்துவமும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குள்ள வந்துச்சு, சேராஸ் மறுவாழ்வு ஆஸ்பத்திரியில நெத்தியில எண்ணெய் விடுற சிரோதாரா கொடுக்குறாங்க. ஆனா கவர்மெண்டுல கதவு தெறக்குறது மெதுவாதான், அத நம்பி மட்டும் படிக்க வைக்காதீங்க.

இப்போ இந்தியா. மாமனார் சொல்றது இதுதான், பிஎன்ஒய்எஸ், பேச்சலர் ஆஃப் நேச்சுரோபதி அண்ட் யோகிக் சயின்ஸ். நாலரை வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் ஐந்தரை வருஷம். முதல் காலேஜுன்னு சொல்றது கர்நாடகாவுல தர்மஸ்தலா பக்கத்துல உஜிரேல இருக்கிற எஸ்டிஎம், 1989ல வந்தது. தமிழ்நாட்டுல கவர்மெண்ட் காலேஜ் சென்னை அரும்பாக்கத்துல 2000ல தொடங்குச்சு, அண்ணா சித்த மருத்துவமனை வளாகத்துலயே இருக்கு. கவர்மெண்ட் சீட் அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குத்தான், நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் பிரைவேட் காலேஜுதான் பாக்கணும், அதுங்க எண்ணிக்கை நிறைய, தரம் ஒண்ணுக்கொண்ணு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

என்ன படிக்கிறாங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் கேள்விக்கு பாதி பதில் அதுலயே இருக்கு. முதல் வருஷம் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. பொணத்த அறுத்துப் பாக்குற டிசெக்ஷன் எல்லாம் உண்டு, மூலிகை சாறு குடிச்சுக்கிட்டு யோகா பண்ற கோர்ஸுன்னு நினைச்சு போன பிள்ளைங்க முதல் மாசமே ஆடிப்போயிடுவாங்க. ரெண்டாவது வருஷம் பேத்தாலஜி, மைக்ரோபயாலஜி, சமூக மருத்துவம். அதுக்கப்புறம்தான் நீர் சிகிச்சை, மண் பட்டி, உண்ணாவிரத சிகிச்சை, மசாஜ், அக்குபங்சர், யோகா தெரபி, சத்துணவு, பிசியோதெரபி, கூடவே பெண்கள் மருத்துவம், முதலுதவி, அவசர சிகிச்சை. காலையில விடியறதுக்குள்ள யோகாவுக்கு நிக்கணும். இன்டர்ன்ஷிப்புல இடுப்புக் குளியல் தொட்டியில தண்ணி சூடு எவ்வளவு, எத்தன நிமிஷம், இவருக்கு பிபி இருக்கே ஸ்டீம் கொடுக்கலாமா கூடாதான்னு ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவெடுத்து சீனியர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அந்த ஒரு வருஷம்தான் பிள்ளைய டாக்டரா ஆக்குது, மத்தது எல்லாம் புஸ்தகம். அதனால காலேஜ் பாக்கப் போகும்போது கட்டடம், ஹாஸ்டல், கேண்டீன் பாத்து மயங்காதீங்க, கூடவே ஆஸ்பத்திரி இருக்கா, எத்தன படுக்கை, அதுல நெஜமாவே நோயாளி படுத்திருக்காங்களான்னு பாருங்க. உஜிரே காலேஜுக்கு சாந்திவனான்னு சொந்தமா ஒரு இயற்கை மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கு, அந்த மாதிரி ஓடிக்கிட்டிருக்கிற ஆஸ்பத்திரி ஒட்டி இருந்தாத்தான் கை பழகும்.

இதுல ஒரு குழப்பத்தையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. இந்தியாவுல 2020ல இந்திய மருத்துவ முறைகளுக்குன்னு தேசிய கமிஷன் சட்டம் வந்துச்சு, ஆயுர்வேதா, சித்தா, யுனானி, சோவா ரிக்பாங்கிற திபெத்திய மருத்துவம் நாலும் அதுக்குள்ள வந்துடுச்சு, யோகாவும் நேச்சுரோபதியும் வரல. அதனால பிஎன்ஒய்எஸ்ஸுக்கு நாடு பூரா ஒரே கவுன்சில் இல்ல, மாநிலம் மாநிலமா போர்டுல பதியிறாங்க. கர்நாடகாவுல ஆயுர்வேத, சித்த ஆளுங்களோட சேத்து ஒரே போர்டுல பதிவு பண்றாங்க. தமிழ்நாட்டுல நீட் நுழைவுத் தேர்வு இல்லாம ப்ளஸ் டூ மார்க்க வச்சு சேத்துக்கிட்டு இருக்காங்க. வெளியூர் பிள்ளைக்கு இது ஒரு வகையில சவுகரியம்தான், ஆனா இங்க மஜ்லிஸ் ஆளு உக்காந்து இத யார் அங்கீகரிச்சிருக்காங்கன்னு கேட்டா சித்தா முடிச்சவன் சட்டுனு ஒரு பேப்பர நீட்டுவான், பிஎன்ஒய்எஸ் முடிச்சவ கொஞ்சம் விளக்கம் சொல்லணும். மலேசியாவுலதான் வாழ்க்கைன்னு முடிவா இருந்தா, என் கருத்துல பிஎஸ்எம்எஸ், அதாவது சித்தா, இல்லன்னா ஆயுர்வேதா பிஏஎம்எஸ், அதுவும் ஐந்தரை வருஷம்தான், அதுதான் நேர் ரோடு. பாளையங்கோட்டை கவர்மெண்ட் சித்தா காலேஜ் 1964ல இருந்து ஓடுது, தமிழ் பேசுற பிள்ளைக்கு பழைய பாட்டு வடிவத்துல இருக்கிற மருந்து நூலெல்லாம் படிக்க ஒரு தனி வசதி. ஐசிசிஆர்ங்கிற கலாச்சார அமைப்பு வழியா ஆயுஷ் ஸ்காலர்ஷிப்புன்னு இந்தியா கவர்மெண்ட் கொடுக்குது, அதுக்கு இங்க இந்திய ஹை கமிஷன்ல கேக்கணும், அத ஒரு தடவ முயற்சி பண்ணாம சொந்தக் காச எடுக்காதீங்க.

அதே மாதிரி என்டிடிஒய்னு ஒரு டிப்ளமா பேர் காதுல விழும், மூணு வருஷம், பெரும்பாலும் தபால் வழி. ஆர்வத்துக்கு, சொந்த உடம்புக்கு படிக்கிற பெரியவங்களுக்கு நல்லது, நம்ம ஊர்ல ரிட்டயர் ஆன சில பேர் படிச்சிருக்காங்க. பதினேழு வயசுப் பிள்ளைக்கு இத டாக்டர் படிப்புன்னு யாராவது வித்தா ஓடிடுங்க.

இப்போ முக்கியமான விஷயம், இத எந்த ஏஜெண்டும் சொல்றதில்ல, நான் டீச்சரா இருந்ததால சொல்லியே ஆகணும். இந்தியாவுல எந்த மருத்துவப் படிப்புக்கும் பனிரெண்டு வருஷ படிப்பு வேணும், அதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூணும் இருக்கணும். எஸ்பிஎம் மட்டும் வச்சு போக முடியாது. நம்ம ஃபார்ம் சிக்ஸ்ல என்ன பண்றாங்க, பெங்காஜியான் அம்ங்கிற பொதுப் பாடம், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், அதோட பிசிக்ஸ் இல்லன்னா பயாலஜி, ரெண்டுல ஒண்ணு. டாக்டர் ஆகணும்னு பயாலஜி எடுத்துட்டு பிசிக்ஸ விட்ட பிள்ளைங்க ரெண்டு வருஷம் கழிச்சு இந்தியாவுக்கு அப்ளை பண்ணும்போது கதவடைச்சுக்கிட்டு அழுததெல்லாம் ஸ்கூல்ல பாத்திருக்கோம். ஏ லெவல் போனாலும் அதே கதை, மேத்ஸ எடுத்துட்டு பிசிக்ஸ விட்டுடுவாங்க. மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன் போனா அது ப்ளஸ் டூவுக்குச் சமம்தான்னு இந்திய யூனிவர்சிட்டிகள் சங்கத்துல, ஏஐயூன்னு சொல்வாங்க, ஒரு சமநிலை சர்டிபிகேட்டு வாங்க வேண்டி வரும். ரிசல்ட் வந்ததும் ஃபார்ம் சிக்ஸ் சேரும்போதே அஞ்சு பாடமா எடுத்து மூணு சயின்ஸும் வச்சிடுங்க, கஷ்டம்தான், ஆனா வேற வழியில்ல.

அமெரிக்கா, கனடா பக்கம் வருவோம், ஏன்னா ஏஜெண்டு அந்தப் பேரத்தான் கடன் வாங்கி விக்கிறாரு. அங்க என்டிங்கிற நேச்சுரோபதி டாக்டர் பட்டம் நிஜமாவே கஷ்டப்பட்டு வாங்குற பட்டம். முதல்ல ஒரு டிகிரி முடிச்சிருக்கணும், அதுல கெமிஸ்ட்ரி, பயாலஜி, சைக்காலஜி மாதிரி பாடங்கள் இருக்கணும், அதுக்கு மேல 4 வருஷம் முழு நேரமா. சிஎன்எம்இன்னு ஒரு கவுன்சில், 1978ல உருவானது, அமெரிக்க கல்வித் துறையே அத ஏத்துக்கிட்டிருக்கு, அவங்க போட்ட குறைஞ்சபட்ச கணக்கு 4,100 மணி நேரம், அதுல 1,200 மணி நேரம் நோயாளியோட க்ளினிக்ல. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் லைசென்ஸுக்கான என்ப்ளெக்ஸ் பரிட்சையோட முதல் பகுதி, அனாட்டமி பேத்தாலஜி எல்லாம், படிப்பு முடிச்சதும் ரெண்டாவது பகுதி, க்ளினிக்கல். சியாட்டில் பக்கத்துல இருக்கிற பாஸ்டிர் யூனிவர்சிட்டி, டொரொண்டோவுல கனேடியன் காலேஜ் ஆஃப் நேச்சுரோபதிக் மெடிசின், ரெண்டும் 1978ல வந்ததுதான், இதெல்லாம் அந்த லிஸ்ட்ல உள்ளது. முழுக்க ஆன்லைன்ல நடக்குற என்டி கோர்ஸுக்கு அந்தக் கவுன்சில் அங்கீகாரம் கொடுக்குறதே இல்ல. அப்போ பதினெட்டு மாசம் ஆன்லைன்ங்கிறது என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் 2010ல நேச்சுரோபதி பயிற்சிக்கு ஒரு அளவுகோல் வெளியிட்டுச்சு, அதுல அடிமட்ட அளவே 1,500 மணி நேரம், அதுல 400 மணி நேரம் மேற்பார்வையில நோயாளி பாக்கணும். ஏஜெண்டு கோர்ஸுல நோயாளியோட மொகத்த எங்க பாக்குறதுன்னு அவர்கிட்டயே கேளுங்க, என்ன சொல்றாருன்னு பாப்போம்.

அங்க முடிச்சாலும் எல்லா ஊர்லயும் செல்லாது. அமெரிக்காவுல இருபதுக்கு மேல மாநிலத்துல லைசென்ஸ் கொடுக்குறாங்க, ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா மாதிரி மாநிலத்துல சில மருந்து எழுதுற அதிகாரமே இருக்கு, யூட்டாவுல ஒரு வருஷ ரெசிடென்சி முடிச்சாத்தான் லைசென்ஸு, டென்னசி, சவுத் கரோலைனாவுல தொழிலே பண்ணக் கூடாது. ஒரே பட்டம், ஒரே நாடு, மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டம். ஒண்டாரியோவுல 2015ல இருந்து இதுக்குன்னு தனி ரெகுலேட்டர் இருக்கு, என் அக்கா மகள் அங்கதான் பதிஞ்சிருக்கா, அங்க நேச்சுரோபதிக் டாக்டர்ங்கிறது சட்டம் காப்பாத்துற பட்டம், கண்டவன் போட்டா கேஸு. அவ லீவுல பினாங்கு வரும்போது சொந்தக்காரங்க வரிசையா வந்து கைய நீட்டுவாங்க, அவ நாடி பாக்க மாட்டா, இங்க எனக்கு லைசென்ஸ் இல்ல பெரியம்மான்னு சிரிச்சுட்டு காப்பி குடிக்கப் போயிடுவா. சில பேருக்கு கோவம் கூட வரும், இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்னு. ஆனா அவ பண்றதுதான் சரி.

செலவு பத்தி சொல்லணும்னா, பாஸ்டிர் மாதிரி இடத்துல ட்யூஷன் மட்டுமே வருஷத்துக்கு 40,000 அமெரிக்க டாலர் பக்கம் வரும், அதுக்கு முன்னாடி இங்க ஒரு டிகிரி, மொத்தம் ஏழு எட்டு வருஷம். பிடிபிடிஎன் கல்விக் கடன் உள்நாட்டு படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்கு கிடையாது. இபிஎஃப் சேமிப்புல படிப்புக்குன்னு எடுக்கலாம், செஜாத்ரா அக்கவுண்ட்ல இருந்து, வெளிநாட்டு டிகிரிக்கும் பொருந்தும், ஆனா அது உங்க வயசான காலத்துப் பணம், யோசிச்சு எடுங்க. ஆஸ்திரேலியா நடுவுல இருக்கு, அங்க இப்போ பேச்சலர் டிகிரிதான் அடிப்படை, எண்டெவர், டோரன்ஸ் மாதிரி இடத்துல படிக்கலாம், ஆனா டாக்டர், நர்ஸ், பிசியோ எல்லாரும் பதியிற ஆஃப்ராவுல நேச்சுரோபத் இல்ல, சங்கத்துல மெம்பர் ஆகி தொழில் பண்றாங்க.

வீட்டுக்காரரோட கேள்விக்கு வரேன், இதெல்லாம் ஒரு படிப்பான்னு. கேக்கட்டும், கேக்கணும். இந்த முறையோட சரித்திரமே நம்ம ஆளுங்க நினைக்கிற மாதிரி இல்ல. நிறைய பேரு இது ரிஷிங்க காலத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க, உண்மையில இடுப்புக் குளியல், ஈரத்துணி கட்டுறது இதெல்லாம் பத்தொம்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில இருந்து வந்தது. லூயி கூனேன்னு லைப்சிக்ல ஒருத்தர், பவேரியாவுல கிறிஸ்தவ சாமியார் செபாஸ்டியன் நைப், இவங்க தண்ணி வைத்தியம். நைப்போட வழியில வந்த பெனடிக்ட் லஸ்ட் அத அமெரிக்காவுக்கு கொண்டு போயி 1901ல நியூயார்க்ல ஸ்கூல் தொடங்கினாரு. காந்தி இதுல பைத்தியமா இருந்தாரு, 1945 நவம்பர் 18ல இயற்கை மருத்துவ டிரஸ்டுல தலைவரா கையெழுத்து போட்டாரு, அதனாலதான் அந்த தேதி இப்போ இந்தியாவுல இயற்கை மருத்துவ தினம். அடுத்த வருஷம் புனே பக்கத்துல உருளிகாஞ்சன்ல ஆசிரமம் தொடங்கினாரு. அவர் தங்கி சிகிச்சை எடுத்த புனே க்ளினிக் இருந்த இடத்துலதான் இப்போ தேசிய நேச்சுரோபதி நிறுவனம் இருக்கு, 1986ல வந்தது.

இதுல எது நிக்குது எது நிக்கலன்னு பிள்ளைக்கு பிரிச்சுப் பாக்கத் தெரியணும், எனக்கு இதுல கொஞ்சம் கறாரான அபிப்பிராயம்தான். சாப்பாடு, நடை, தூக்கம், எடை குறைப்பு, யோகா, இதெல்லாம் சர்க்கரை, பிபி, முதுகுவலிக்கு உதவும்னு ஆராய்ச்சி இருக்கு. கண்ணோட கருவிழியப் பாத்து கிட்னி கெட்டுப்போச்சுன்னு சொல்றது, காந்தம் வச்சா உடம்புல இருக்கிற கட்டி கரையும்னு சொல்றது, இதுக்கு ஆதாரம் கிடையாது, ஆனா சில காலேஜ் சிலபஸ்ல இன்னும் இருக்கு. பரிட்சைக்கு படிக்கட்டும், நோயாளிகிட்ட அத வச்சு நோய் சொல்லக் கூடாது. நம்ம நாட்டுல 2019 சர்வேல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை, அதுல இந்தியர்களுக்குத்தான் ரொம்ப அதிகம். அப்போ மகள் க்ளினிக்ல உக்காந்தா வர்றவங்கள்ல பாதிப்பேரு மெட்ஃபார்மின் போடுறவங்க, இன்சுலின் குத்துறவங்க. அவங்க கேக்குற முதல் கேள்வியே மாத்திரைய நிறுத்தலாமா டாக்டர்னுதான். நிறுத்துங்கன்னு சொல்ற ஆளு நம்ம சமுதாயத்துல நிறைய இருக்காங்க, கால் கருத்துப் போயி ஜெனரல் ஆஸ்பத்திரியில வந்து நிக்கிறவங்களும் இருக்காங்க. நல்ல காலேஜ் எதுன்னா, உண்ணாவிரதம் எப்படி இருக்க வைக்கிறதுன்னு மட்டும் இல்ல, இன்சுலின் போடுற ஆளுக்கு உண்ணாவிரதம் போட்டா என்ன ஆகும், எப்போ கைய எடுத்துட்டு எமர்ஜென்சிக்கு அனுப்பணும்னு சொல்லிக்கொடுக்குற காலேஜ்.

இங்க சட்டமும் அதையேதான் சொல்லுது. 1952 விஷச் சட்டத்துல வர்ற மருந்தெல்லாம் டாக்டர், பார்மசிஸ்ட் கையில, நேச்சுரோபத் எழுதவும் கூடாது, டோஸ மாத்தவும் கூடாது. விக்கிற மூலிகை மாத்திரைக்கு எம்ஏஎல்னு தொடங்குற பதிவு நம்பர் இருக்கணும், பாரம்பரிய மருந்துன்னா அந்த நம்பர் 'T'ங்கிற எழுத்துல முடியும். 1956 விளம்பரச் சட்டத்துல 20 நோய் லிஸ்ட் இருக்கு, புற்றுநோய், சர்க்கரை, ரத்த அழுத்தம், கிட்னி, இதெல்லாம் குணமாக்குறேன்னு விளம்பரமே போடக் கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸ், லிட்டில் இந்தியா பக்கம் போனா சுவத்துல எத்தன பேர் போட்டிருக்காங்கன்னு பாக்கலாம், அது வேற கதை. டாக்டர்ங்கிற பேரும் அப்படித்தான், மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்ச டாக்டர் மாதிரி ஜனங்கள நம்ப வச்சா 1971 மெடிக்கல் ஆக்ட் பிடிக்கும். ஏஜெண்டு விக்கிற அந்த முன்னெழுத்து இங்க போர்டுல போட்டா சொத்து இல்ல, வில்லங்கம்.

மகளுக்கு உண்மையில எதுல ஆசைன்னு ஒரு நாள் உக்காந்து கேளுங்க. சாப்பாட்ட வச்சு நோய மாத்தணும்னா டயட்டெட்டிக்ஸ் படிக்கட்டும், யூகேஎம், யூஎஸ்எம் ரெண்டு யூனிவர்சிட்டியிலயும் இருக்கு, டயட்டிஷியன் வேலை ஆக்ட் 774ல வருது, பாரம்பரிய மருத்துவச் சட்டத்துக்கு ஒரே ஒரு நம்பர் முன்னாடி, ரெண்டும் ஒரே வருஷம் வந்த சட்டம். டிகிரி முடிச்சு ஆஸ்பத்திரி அனுபவத்தோட அப்புறம் அமெரிக்காவுக்கு என்டி போனாலும் அந்த டிகிரியே நுழைவுத் தகுதிக்கு உதவும். கை வைத்தியம், எலும்பு, முதுகுன்னா பிசியோதெரபி, இல்லன்னா ஐஎம்யூ யூனிவர்சிட்டியில கைரோப்ராக்டிக். சீன மருத்துவத்துல ஈடுபாடுன்னா யூடிஏஆர் யூனிவர்சிட்டியோட சுங்கை லோங் கேம்பஸ்ல இருக்கு, தமிழ்ப் பிள்ளைங்க எடுக்கக் கூடாதுன்னு யார் சொன்னது. மசாஜ், மூலிகைக் குளியல், ஸ்பா தொழில்தான் போதும்னா திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே வழியா எஸ்கேஎம் திறன் சர்டிபிகேட்டு எடுத்து மேல டிப்ளமா வரைக்கும் போகலாம், செலவும் கம்மி, சீக்கிரமா சம்பாதிக்கலாம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. இது எதுவுமே வேணாம், எனக்கு இயற்கை மருத்துவம் முழுசா வேணும்னு பிள்ள பிடிவாதமா இருந்தா, அப்போ ஐந்தரை வருஷம் இந்தியா, மஜ்லிஸ் பதில் கையில வாங்கிட்டு.

ஏஜெண்டு திரும்ப வந்தா அவர்கிட்ட சண்டை போடாதீங்க, மூணே மூணு கேள்வி கேளுங்க: இந்த கோர்ஸ் நம்ம நாட்டுல படிப்புகள அங்கீகரிக்கிற எம்க்யூஏ ரெஜிஸ்டர்ல எந்த நம்பர்ல இருக்கு, சிஎன்எம்இ லிஸ்ட்ல இந்த காலேஜ் பேர் எங்க, மஜ்லிஸ் எந்த துறையில பதியும்னு எழுதிக் கொடுத்திருக்கு. முதல் கேள்வியிலேயே அவர் டீ கூட குடிக்காம கெளம்பிடுவாரு.

கடைசியா கேட்டீங்களே, பாடம் எந்த மொழியிலன்னு. பிஎன்ஒய்எஸ் பாடம், பரிட்சை எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனா தமிழ்நாட்டுல ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட பேச தமிழ் வேணும், கர்நாடகா போனா கொஞ்சம் கன்னடம் பிடிச்சுக்கணும், பிள்ளைங்க ஒரு வருஷத்துல பிடிச்சுக்கிறாங்க. ஸ்டூடண்ட் விசாவுல போனதும் 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓங்கிற வெளிநாட்டவர் பதிவு ஆபீஸ்ல பதிஞ்சிடணும், அத மறந்தா அபராதம். மகளோட எஸ்பிஎம் ரிசல்ட் வந்ததும் சயின்ஸ் பாடங்கள்ல என்ன கிரேடுன்னு மட்டும் எழுதுங்க தங்கச்சி, குறிப்பா பிசிக்ஸ், ஃபார்ம் சிக்ஸ்ல என்ன எடுக்கணும்னு அத வச்சு சொல்றேன்.